கண்டியில் பெரிசு, கொழும்பில் சிறிசு

சொந்த ஊரைப் பற்றி நல்ல சேதி ஒன்று காதில் விழுந்தால், அது உண்மையா என்று விசாரிக்கிற ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. கெட்ட சேதி என்றால் மட்டும் நாங்கள் எல்லாரும் சட்டத்தரணிகள். "ஆர் சொன்னது? அவருக்கென்ன தெரியும்?" என்று குறுக்கு விசாரணை செய்வோம். நான் விஞ்ஞானம் படித்தவள், அளவெடுப்பதே என் தொழில். அப்படியிருந்தும் என் ஊருக்கு நானே உண்டாக்கிய ஒரு நல்ல சேதியை நம்பி, மேடையேறி முழங்கி, கடைசியில் பெற்ற தகப்பனைக் கடலுக்குப் போகவிடாமல் வீட்டில் இருத்தினேன்.

யுத்தம் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு, கொழும்பில் மூளை வைத்திய நிபுணர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அந்த டொக்டர் அம்மாவுக்கு ஒரு மனக்குறை. ஆரோக்கியமான மூளை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்ற அட்டவணைகள் எல்லாம் வெள்ளைக்காரர்களின் தலையை அளந்து போட்டவை. எங்கள் சனத்தின் அளவு எவருக்கும் தெரியாது. ஆகவே தலையிடி என்று வந்து, எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் படங்களை அவர்களுடைய சம்மதத்தோடு சேர்க்கத் தொடங்கினார். படத்தைக் கொம்பியூட்டரில் போட்டு மூளையின் கன அளவைக் கண்டுபிடிப்பது என் வேலை.

கொழும்பு ஆட்களின் படங்கள் கொழும்பிலேயே எடுக்கப்பட்டவை. என் ஊரான திருகோணமலையில் அந்த மெசின் கிடையாது. எங்கள் ஆட்கள் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள். படங்கள் அடங்கிய சீடிகளைப் போய் எடுத்து வருவது நான்தான். ஒருமுறை சோதனைச் சாவடியில் என் பையைக் கொட்டிய ஆமிக்காரர், சீடிக் கட்டைப் பார்த்து இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "மூளை" என்றேன். யாருடைய மூளை என்றார். "எங்கள் ஊர் ஆட்களுடையது" என்றேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூளை சரியில்லாத வருத்தக்காரியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற இரக்கத்தோடு பையை அவரே அடுக்கித் தந்தார்.

கண்டிப் படங்களைக் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்த பழைய மென்பொருளிலேயே அளந்துகொண்டு வந்துவிடுவேன். (கொழும்பில் இருந்தது ஒரே ஒரு கொம்பியூட்டர், அதற்குச் சங்கக்கடையில் அரிசிக்கு நிற்பதுபோல வரிசை.) கொழும்புப் படங்களை அங்கே இருந்த புதிய மென்பொருளில் அளப்பேன். இரண்டும் மூளையைத்தானே அளக்கின்றன, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் இரண்டு ஊர் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேல் சிலிர்த்துவிட்டது. திருகோணமலைக்காரரின் மூளை கொழும்புக்காரரின் மூளையைவிடப் பெரிது! ஒருவர் இருவர் என்றால் விட்டுவிடலாம், ஏறக்குறைய எல்லாருக்கும் அப்படி. கட்டைபறிச்சானில் இருந்து வந்த விவசாயிக்குப் பெரிது. தோப்பூர் ரீச்சருக்குப் பெரிது. அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிடும் மூளை ஒன்றும் அதில் இருந்தது. அது எங்கள் கடற்கரைக் கிராமமான சல்லியில் வள்ளம் வைத்திருக்கும் என் அப்பாவுடையது. (வள்ளத்தில் வழுக்கி விழுந்து, மண்டையில் அடிபட்டு, கண்டியில் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று திரும்பியவர்.)

"இதை இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதே பிள்ளை. நான் ஒருக்காப் பாக்கோணும்" என்றார் டொக்டர்.

நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும்தான் சொன்னேன். அப்பாவிடம் சொல்வதும் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சேதி சல்லியைத் தாண்டி, நகரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பரிசளிப்பு விழாவுக்குப் பேச வரச்சொன்னார்கள். சேலை கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசைக் கதிரையில் அப்பா, தோய்த்து மினுக்கின வெள்ளை வேட்டியோடு. நான் கோணேசர் மலையில் தொடங்கினேன், மீன் சாப்பாட்டுக்கு வந்தேன், கடற்காற்றைத் தொட்டேன். "உலகத்திலேயே ஆழமான துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது. அந்த ஆழம் எங்கள் தலைக்குள்ளும் இருக்கிறது!" என்று முடித்தேன். (இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.) மண்டபம் அதிர்ந்தது. அடையாள அட்டையை நீட்டி நீட்டிக் குனிந்து பழகிய சனம் அது. அன்றைக்கு அவர்கள் நிமிர்ந்து இருந்து கைதட்டியதைப் பார்க்க எனக்கு நெஞ்சு விம்மியது. அது மட்டும் பொய்யில்லை.

அப்பா அதோடு நிற்கவில்லை. விழுந்த அடிக்கு இன்னொருமுறை படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். "இந்த முறை கொழும்பிலேயே எடுப்பம். அவங்களுக்கும் ஒருக்காக் காட்டத்தானே வேணும்" என்று புறப்பட்டு வந்தார். மெசினுக்குள் போகுமுன் தலைமுடியைச் சீவிக்கொண்டார். படம் எடுத்து முடிந்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் அந்தப் படத்தை அளந்தேன். அப்பாவின் மூளை சுருங்கியிருந்தது.

திரும்ப அளந்தேன். சுருங்கித்தான் இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, அந்த அளவு சுருங்குவதற்கு வயது போன ஆளுக்கே எத்தனையோ வருடம் பிடிக்கும், அப்பாவுக்குச் சில மாதத்தில் நடந்திருந்தது. மறதி நோயாளிகளின் படங்கள் எத்தனையோ பார்த்தவள் நான். டொக்டர் அந்த வாரம் ஊரில் இல்லை. கதிரையில் இருந்து தனியே அழுதேன். அழுது முடித்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, அப்பாவுக்கு மறதி வருத்தம் தொடங்குது போல. அவரைக் கடலுக்கு விடாதீங்கோ."

அம்மா ஏன் என்று கேட்டுத் துளைக்கவில்லை. அந்தக் காலத்தில் நேவி தந்த பாஸ் இல்லாமல் எவரும் வள்ளம் தள்ள ஏலாது. விட்ட நேரத்துக்குப் போய், விட்ட எல்லைக்குள் நின்று, சொன்ன நேரத்துக்குக் கரைக்கு வரவேண்டும். ஞாபகம் பிசகி ஒரு மனிதர் நேவி காவல் நிற்கும் துறைமுகப் பக்கம் வள்ளத்தைத் திருப்பினால் என்ன நடக்கும் என்று அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பாஸை எடுத்து அலுமாரியில் தன் கூறைச் சேலைக்குள் சுற்றி வைத்துவிட்டார்.

அப்பாவைப் போனில் சோதித்தேன்.

"அப்பா, இண்டைக்கு என்ன கிழமை?"

"ஏன், கொழும்பில கலண்டர் இல்லையோ?"

"நூறில இருந்து ஏழு ஏழாக் குறைச்சுச் சொல்லுங்கோ."

"ஏன் குறைக்க வேணும்? என்ட தலையில எல்லாம் கூட்டல்தான், நீதானே சொன்னனீ!"

கேட்ட கேள்விக்கு நேரே பதில் இல்லை. நோயின் முதல் அறிகுறி என்று முடிவு கட்டினேன். (எனக்குத் தெரிந்து அப்பா அதற்கு முன்பும் எந்தக் கேள்விக்கும் நேரே பதில் சொன்னதில்லை.) அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணியை ஆறவிட்டால்கூட அம்மா எனக்குப் போன் எடுத்தார். பாஸைக் காணவில்லை என்று அப்பா வீட்டைக் கிளறினார். "வைச்ச இடம் மறந்துட்டீங்கள்" என்று அம்மா சொல்ல, மனிதர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. நல்ல இலக்கம் ஒன்று வராதா என்ற ஆசையில் அதே படத்தைத் திருப்பித் திருப்பி அளந்தேன். எல்லாத் தெய்வத்துக்கும் நேர்ந்து முடித்தவள் கடைசியில் வைரவருக்கும் ஒரு வடைமாலை நேர்வதுபோல, கண்டிக்கு ஓடிப்போய் அந்தப் பழைய மென்பொருளிலும் போட்டுப் பார்த்தேன். மூளை வளர்ந்துவிட்டது! அதே மனிதர், அதே படம், ஆனால் சுருங்கினதில் பாதிக்குமேல் ஒரே நொடியில் திரும்பி வந்துவிட்டது. சந்தோசத்தில் மேசையில் அடித்தேன். அடித்த கை அப்படியே நின்றது. அப்படியென்றால் என் கட்டைபறிச்சான், என் தோப்பூர், என் துறைமுகத்து ஆழம்?

டொக்டர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. "மிச்சப் பாதி மெசினில இருக்கும். இனி உன்ட தலையைக் குடு" என்றார். கொழும்பு மெசினுக்குள் படுத்தேன். அதே வாரம் கண்டி மெசினுக்குள்ளும் படுத்தேன். மலை ஏறியதும் என் மூளையும் பெருத்திருந்தது. கண்டி மெசின் படத்தைச் சற்று இழுத்துக் காட்டுகிற மெசின். பழைய மென்பொருளோ மூளையைச் சுற்றி இருக்கும் தண்ணீரையும் சேர்த்து மூளை என்று எண்ணுகிறது. நான் மேடையில் முழங்கிய பெருமையில் பாதிக்குமேல் தண்ணீர்.

அந்த வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போனேன். அப்பா சவரம் செய்யாத முகத்தோடு கதிரையில் இருந்தார். அம்மா பாஸை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். அப்பா பாஸைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப என்ட மூளை சுருங்கேல்லையோ?"

"இல்லையப்பா. கண்டியில இருந்த அதே மூளைதான்."

"அப்ப கொழும்பாரைவிடப் பெரிசுதானே?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "ஒரே மெசினில, ஒரே மாதிரி அளந்தால் எல்லாரும் ஏறக்குறைய ஒண்டுதான் அப்பா."

அப்பா தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பிள்ளை, சுருங்கினதெண்டே இருக்கட்டுமே. முதல் பெரிசா இருந்ததெண்டாவது ஊருக்குச் சொல்லலாம்."

அம்மாதான் முதலில் சிரித்தார். நான் சிரித்தபடியே அழுதேன். அப்பா பாஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். போகிற வழியிலேயே கதையை மாற்றிவிட்டார் என்று பிறகு அறிந்தேன்: "ரெண்டு மெசினும் சேந்து ஏமாத்தினது. பிடிச்சுக் குடுத்தது என்ட மகள்!"

ஒரு மெசின் சொல்வதை இன்னொரு மெசின் சொல்வதோடு நியாயமாக ஒப்பிடுவதற்கு வழி தேடுவதே பிறகு என் தொழிலாகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். வீட்டில் அந்தப் பெருமைக்கு மரியாதை கிடையாது. அம்மாவின் பிரசர் கூடினாலும், அக்கா மகன் பரீட்சையில் கூடுதலாகப் புள்ளி எடுத்தாலும், ஆராவது என்னைப் பார்த்து "எந்த மெசினில?" என்று கேட்காமல் சோறு இறங்காது.

போன வருடம் அப்பாவுக்கு மறுபடி ஸ்கான் எடுத்தோம். வயதுக்கு ஏற்றபடி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். அப்பா என் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தப் பரிசளிப்பு விழாக் களை.

"பாத்தியா? பெரிசா இருந்தால்தானே சுருங்கும்!"

இந்தமுறை மெசினும் அதே கொழும்பு மெசின், மென்பொருளும் அதே மென்பொருள். "எந்த மெசினில?" என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை.