மூத்த ஓரகத்திக்கு இருபத்தேழாம் இடம்

தராஸ்

அன்புத் தங்கை ராபிகாவுக்கு அக்கா குல்சிபா எழுதுவது.

உன் கால் மாவுக்கட்டை எப்போது பிரிப்பார்கள்? இங்கே நானும் உன் அத்தானும் ஆட்டுக்குட்டிகளும் சுகம். நீ வராத குறை தவிர மகன் தாவுரனின் கல்யாணம் நன்றாக நடந்தது. எனக்கு யார் மேலும் பொறாமை கிடையாது என்பது உனக்கே தெரியும், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முகத்திரை விலக்கும் பாட்டில் பாடகர் பெயர் சொல்கிற வரிசையில்தானே மருமகள் உறவுகளை வணங்குவாள்? அந்தப் பட்டியலை மூன்று வாரம் யோசித்துக் கணினியில் அடித்தேன். என் ஓரகத்தி சவ்ரேஷ் மூத்தவள், முதல் ஐந்துக்குள் வர வேண்டியவள். மெருயெர்த் பொரித்த பவுர்சாக் உருண்டை, மெருயெர்த் வாங்கித் தந்த பூட்ஸ் என்று இரண்டு வருடமாகத் தன் மருமகள் புராணம் பாடி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாளே, அவளை மாட்டு வைத்தியருக்கு அடுத்து இருபத்தேழாவதாக வைத்தேன். உன் அத்தான் பார்த்துவிடக் கூடாதே என்று அதைப் பென்டிரைவில் மட்டும் போட்டுத் தலையணை உறைக்குள் ஒளித்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை கணினி தானாகவே அப்டேட் ஆகித் தொலைத்தது, அதற்குப் பிறகு பென்டிரைவைச் செருகினால் விளக்கு மினுக்குகிறது, திரையில் ஒன்றையும் காணோம். முன்பக்கம் செருகினேன், பின்பக்கம் செருகினேன், உன் அத்தான் இது கண்ணேறுதான் என்று வாணலியில் அதிரஸ்பான் செடியைக் கொளுத்திக் கணினிக்கு மூன்று சுற்றுப் புகை காட்டினார், எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். அதோடு விட்டாரா, அண்ணன் வீட்டுக்குப் போய் அந்த மெருயெர்த்தையே கூட்டி வந்துவிட்டார்.

வந்தவள் தேநீரைக்கூடத் தொடவில்லை. பென்டிரைவ் கெடவில்லையாம், கணினி ஒவ்வொன்றுக்கும் இடம் காட்ட E, F என்று ஓர் எழுத்து கொடுக்குமாம், அப்டேட்டில் அதன் எழுத்தை வேறொன்று பிடித்துக்கொண்டதாம். "ஒரே எடத்துக்கு ரெண்டு பேரு முட்டிக்கிட்டா கம்ப்யூட்டர் ஒருத்தரை வெளிய நிறுத்திடும் சின்னத்தை. வேற எழுத்து குடுத்தா வந்துடும்" என்றாள். கொடுத்தாள், வந்தது. வந்த கையோடு பட்டியலையும் திறந்துவிட்டாள். அவள் விரல் இருபத்தேழில் வந்து நின்றபோது ஆறிப்போன தேநீரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இதுல ஒரு தப்பு இருக்கே" என்றாள்.

வயசாச்சு, கண்ணு தெரியல என்று உளறினேன்.

"எங்க அத்தைய இவ்ளோ முன்னாடி வச்சிருக்கீங்களே" என்று சொல்லி, மாமியாரை ஐம்பத்தெட்டாவதாக, கடைசியில் கொண்டுபோய் இறக்கினாள்.

ராபிகா, அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். மறுநாள் பாடகர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, சவ்ரேஷ் வெல்வெட் கோட்டை இழுத்துவிட்டு எழுந்திருப்பதும் உட்காருவதுமாக இருந்தாள். இனி ஜென்மத்துக்கும் எனக்கு அவள் மேல் பொறாமை வராது.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மந்தையோடும் வாழட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
குல்சிபா

பி.கு.: என் புது மருமகள் தினமும் மெருயெர்த்திடம் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறாள். நான் உள்ளே நுழைந்தால் இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நீ உடனே சவ்ரேஷ் அக்காவுக்கு ஒரு கடிதம் போடு. குல்சிபா உங்களை ஐந்தாவதாகத்தான் வைத்திருந்தாள், அப்டேட்தான் கீழே தள்ளிவிட்டது என்று எழுது. மாமியார்கள் எங்கள் இரண்டு பேருக்கும் இனிமேல் எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்.