பூனை மனசு படித்தவர்

ஊரில் கைரேகை பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்களே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அந்த இடத்துக்குப் பூனை வால் பார்க்கிறவர்கள் வந்துவிட்டார்கள். தெருவுக்கு ஒருவர் நிச்சயம். உங்கள் தெருவில் இல்லையென்றால் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பூனை கொட்டாவி விட்டால் அதற்குத் தூக்கம் வருகிறது என்றுதான் உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றாது. அது சமாதானத் தூது. பூனை கண்ணைச் சிமிட்டினால் முத்தம். திரும்பி உட்கார்ந்தால் நம்பிக்கை, திரும்பாமல் உட்கார்ந்தால் ஆழ்ந்த நம்பிக்கை. கடித்து வைத்தால்? அன்பு முற்றிவிட்டது. பூனை வெறுமனே பூனையாக ஒரு நிமிடம் இருக்க அவர் விடமாட்டார்.

நான் பூனைகள் நிறைந்த துறைமுக ஊர்களில் நாலைந்து வருடம் சுற்றிவிட்டு வந்தவள். அங்கே மீன் விற்கிறவர்களிடம் இந்தப் பூனை என்ன நினைக்கிறது என்று கேட்டால், "மீன்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இவ்வளவு எளிதான விஷயத்தை எவ்வளவு சிக்கலாக்கலாம் என்று தெரிந்துகொள்ள நான் சேலம் கோட்டைக்கு வந்து அர்பாஸ் வீட்டு மாடியில் குடியேற வேண்டியிருந்தது.

அர்பாஸுக்கு இருபத்தொன்பது வயது. கடைவீதியில் செருப்புக்கடை. உள்ளே வருகிறவரின் காலைப் பார்த்தே எட்டா ஒன்பதா என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமை போதாதென்று, ஆறு வாரம் ஆன்லைனில் பூனை உளவியல் படித்துச் சான்றிதழ் வாங்கி, அதற்குச் சட்டம் போட்டு, தாத்தா படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில் மாட்டியிருக்கிறார். படிப்புக்கு ஏற்ற நோயாளி வீட்டிலேயே உண்டு. பாதாம் நிறத்தில் ஒரு பெர்ஷியன் கடுவன். பேரும் பாதாம்தான். பேனாவை டிக் என்று அழுத்தினால் பாதாம் ஓடி வரும், ஓடி வந்தால் உலர் தீனி ஒரு துண்டு. ஒரு நாளைக்கு நூறு தடவை டிக். பூனையைப் பழக்கிவிட்டதாக அர்பாஸ் சொல்லிக்கொண்டார். பாதாம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, தின்றது.

இந்த நிலையில் அர்பாஸுக்குக் கல்யாணம் ஆனது. நாமகிரிப்பேட்டையிலிருந்து அர்ஃபா வந்தாள். நாற்பதாம் நாள் பாதாம் கட்டில் விரிப்பில் மூத்திரம் போனது. மறுநாள் குளியலறைச் சாக்கடை ஓரம். அதற்கடுத்த நாள் அர்பாஸின் அம்மா அஜீஸுன்னிசா அரிசி களைகிற பேசினில்.

சாதாரண மனிதர் பேசினைக் கழுவுவார். நிபுணர் உட்கார்ந்து யோசித்தார். பூனைக்குக் கட்டில்தான் எல்லை, எல்லைக்குள் புது வாசனை நுழைந்துவிட்டது, அதனால் அது தன் வாசனையால் கோடு போடுகிறது என்று கண்டுபிடித்தார். புது வாசனை யார் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பேச்செல்லாம் எல்லையைப் பற்றித்தான், பார்வை மட்டும் அர்ஃபா மீது இருந்தது.

வைத்தியமும் அவளுக்குத்தான். அர்பாஸின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும், வாசனை கலக்கட்டும். பாதாமை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. பார்க்க நேர்ந்துவிட்டால் மெதுவாகக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அது சாப்பிடும்போது அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பூனை தரையில் சாப்பிடுகிறது, அதைவிடத் தாழ்வாக இருப்பது எப்படி என்று கேட்டதற்கு, படுத்துக்கொள்ளலாம் என்றார். அவள் படுத்தாள். கல்யாணமாகி ஒன்றரை மாதம்கூட ஆகாத பெண், கணவனின் கிழிந்த சட்டையில், அடுப்படித் தரையில் படுத்துப் பூனையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"எம்மவன் பூனை மனசு படிச்சவன், பாப்பா," என்றார் அஜீஸுன்னிசா என்னிடம். மருமகள் தரையில் கிடக்கிறாளே என்ற சங்கடம் அவர் முகத்திலும் இருந்தது. ஆனால் சான்றிதழ் சுவரில் இருந்தது.

படுத்துக் கிடந்ததில் அர்ஃபாவுக்கு ஒரு லாபம். பூனையை அருகிலிருந்து பார்த்தாள். அது மூத்திரம் போக வைத்த மண்தொட்டியில் ஏறி உட்காருகிறது, முக்குகிறது, எழுந்து போய் மறுபடி வந்து உட்காருகிறது, மண் மட்டும் நனையவே இல்லை என்று கணவனிடம் சொன்னாள். நேற்று இரண்டு சொட்டு, இன்று அதுவும் இல்லை என்றாள். அர்பாஸ் பொறுமையாகச் சிரித்தார். இந்த மாதிரி நிபுணர்களின் பொறுமையான சிரிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நாடகம், கவனத்தை இழுக்கிறது, நாம் பார்த்தால் பழகிவிடும் என்று விளக்கினார். பிறகு கடைசி வைத்தியத்தை அறிவித்தார். பாதாமின் தன்னம்பிக்கை திரும்புகிற வரைக்கும், ஒரு பத்து நாள், அர்ஃபா அம்மா வீட்டில் இருக்க வேண்டும்.

பூனைக்காக மருமகளை ஊருக்கு அனுப்பிய வீடு சேலத்தில் அதற்கு முன் இருந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவளுடைய பை வாசலில் இருந்தது. ஆட்டோ வந்துவிட்டது. அர்பாஸ் வழியனுப்பக் கடையிலிருந்து வந்திருந்தார். குளியலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பூனைச் சத்தம் மாதிரியே இல்லை. மாடியிலிருந்த நானும் இறங்கி ஓடினேன். அர்ஃபா அதற்குள் பாதாமை மடியில் போட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையையும் பிடித்து அங்கே வைத்தாள். எலுமிச்சம்பழம் மாதிரி இறுகிக் கிடந்தது.

அர்பாஸ், இது பிரிவுத் துயரம், நீ கிளம்புவது அதற்குத் தெரிந்துவிட்டது என்று ஆரம்பித்தார்.

"இதுக்கு மனசுல ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அர்ஃபா. "வயித்துலதான் இருக்கு."

பிறகு வாசலுக்குப் போய்ப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சேலைகள் படியில் விழுந்தன. பூனையை உள்ளே வைத்து, மூச்சுக்கு ஜிப்பைப் பாதி திறந்து வைத்தாள். அதே ஆட்டோவில் தூக்கிப் போனதும், பக்கத்துக் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, மூத்திரம் அடைத்திருக்கிறது, குழாய் போட வேண்டும், உடனே நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

கார் பிடித்துப் போனோம். பின்சீட்டில் அவளும் பையும் நானும். முன்சீட்டில் நிபுணர். மல்லூர் வரைக்கும் பொறாமை என்றார். ஆண்டகளூர்கேட் வரைக்கும் ஏக்கம். புதுச்சத்திரம் வந்தபோது, தாயைச் சீக்கிரம் பிரிந்த குட்டிப்பருவம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். டிரைவர் ஒரு முறை கண்ணாடியில் பின்னால் பார்த்து, "பூனைக்கு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். வழியெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அர்ஃபா, சத்தம் குறைந்துவிட்டது என்றாள். அதன் பிறகு முன்சீட்டிலும் சத்தம் இல்லை.

டாக்டரம்மா குழாய் போட்டு, மணல் மணலாக வந்ததைக் காட்டினார். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்றார். அர்பாஸுக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனால் நிபுணத்துவம் அவ்வளவு சீக்கிரம் சாகாது. கொஞ்ச நேரத்தில், மன அழுத்தத்தால் இப்படி வருமா என்று மெல்லக் கேட்டார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், முக்கியமாகத் தண்ணீர் போதவில்லை, உலர் தீனி அதிகம், நாளெல்லாம் கொடுக்கிறீர்களா என்றார் டாக்டரம்மா. இந்த வாக்கியத்தில் முதல் நான்கு வார்த்தைகள்தான் அர்பாஸ் காதில் விழுந்தன. அன்றே அம்மாவுக்குப் போன் போட்டு, டாக்டரும் அதையேதான் சொல்கிறார் என்றார்.

மூன்றாம் நாள் பாதாமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அர்பாஸ் பெருந்தன்மையாகப் பேசினார். பாதாம் உன்னை ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி நீ ஊருக்குப் போக வேண்டியதில்லை.

"பத்து நாள் மருந்து குடுக்கோணும்னு சொல்லியிருக்காங்க," என்றாள் அர்ஃபா. "எங்கம்மா ஊட்டுல வெச்சுப் பாத்துக்கறேன். நீங்க கடையப் பாருங்க. நான் போயிட்டு வாரேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா ஊர்ப்பக்கம் போகிற ராசிபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். சேர்ந்திருந்தால் ஒத்துவராது என்று பிரிக்க நினைத்த இரண்டு பேரும் ஒரே சீட்டில் போனார்கள்.

இன்றோடு இருபத்து மூன்று நாள். மருந்து எப்போதோ தீர்ந்துவிட்டது. பாதாம் நன்றாக மூத்திரம் போகிறது என்று மட்டும் தகவல் வருகிறது. அஜீஸுன்னிசாவிடம் கேட்டால், பிடிவாதம் என்கிறார். அர்பாஸிடம் கேட்டால், பாதாம் இப்போது அவளுக்குக் குட்டி மாதிரி, புதிதாகத் தாயான பூனைகள் இப்படித்தான் ஒதுங்கும் என்று ஒரு பாடத்தைக் காட்டுகிறார். தினமும் கடையைச் சாத்துவதற்கு முன் வீடியோ கால் போட்டு, திரையைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சிமிட்டுகிறார். பூனையைப் பார்த்தா, அவளைப் பார்த்தா என்று கடைப் பையன்களுக்குத் தெரியவில்லை.

அவள் ஏன் வரவில்லை? எனக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்குமே. அடுப்படித் தரையில் அவள் படுத்த இடத்திலேயே நீங்கள் ஒரு காரணம் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். பை கவிழ்ந்த இடத்தில் அது உறுதியாகிவிட்டது. கோபம் என்கிறீர்களா, அவமானம் என்கிறீர்களா, அவனுக்கு ஒரு பாடம் என்கிறீர்களா? நன்றாகத்தான் இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டலாம்.

அவளுக்குப் பேச வரும், அவளிடமே கேட்கலாம் என்பது மட்டும், எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத மாதிரியே, உங்களுக்கும் தோன்றவில்லை.