அடுத்த பக்கத்துக்குப் போன காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவரும் நலமாக இருக்க மனதார வாழ்த்துகிறேன். பக்கம் கட்டுகிறவரைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது; போகப் போகத் தெரியும். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது, எழுத உட்கார்ந்ததும் மறுபடி கொஞ்சம் வருகிறது.

லாரி ஓட்டுநர்களுக்காகத் தாங்கள் நடத்தும் மாத இதழுக்குச் சந்தா கட்டியிருப்பவள் என் மனைவி. லாரி ஓட்டுவதும் அவள்தான், லாரியும் அவளுடையதுதான். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தவரை அவள் ஊர் ஊராகப் போவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் எங்கள் வீடு எவ்வளவு பெரியது என்று புரிந்தது. மொத்தமே இரண்டு அறை, ஒரு சமையலறை. ஆனாலும் அவள் சரக்கேற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால் அது பெரிதாகிவிடுகிறது. கழுவி வைக்க ஒரே தட்டு, ஒரே டம்ளர். கொடியில் என் சட்டை மட்டும் காய்கிறது. அவள் தலையணையை வெயிலில் போடலாமா என்று யோசிப்பேன், போட்டால் அவள் வாசனை போய்விடுமே என்று அப்படியே வைத்துவிடுவேன். தெருவில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் வாசலுக்குப் போய்விட்டு, தண்ணீர் வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஆசிரியருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இது முழுக்க முழுக்க ஸ்பிரிங் சம்பந்தப்பட்ட விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டேன், நானும் உன்னோடு வருகிறேனே என்று. அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிற ஒரு நடைக்குக் கூட்டிப்போனாள். ஐயா, அது பயணமா அது! வண்டி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் என் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. கண்ணாடி ஒரு பக்கம் பறக்க, பல்செட் ஒரு பக்கம் பறக்க, அவளோ சாவகாசமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தபடியே, "உங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காதுங்க. பேசாம வீட்ல இருங்க" என்றாள். அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளாதது லாரியா, அல்லது அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது நானா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. முதுகு நாலு நாளில் சரியாகிவிட்டது, இது ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் தங்கள் இதழ் கையில் கிடைத்தது. அவள் படித்துவிட்டுப் போட்டிருந்த பிரதி. 'பட்டறைப் பக்கம்' பகுதியில் லாரியின் சக்கரம், டயர், ஸ்பிரிங், ஸ்டியரிங் இவற்றை எப்படி மாற்றலாம் என்று ஒரு கட்டுரை. பக்கத்தின் கடைசி வரி இது: "பயணம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்பக்க ஸ்பிரிங் கட்டில் பட்டைகளைக் குறைக்கலா". அவ்வளவுதான், அதற்குமேல் எழுத்து இல்லை. ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவன் நான். பார்த்த உடனேயே கை பரபரத்தது. ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, பாவம், என்று பென்சிலை எடுத்து அழகாக ஒரு 'ம்' போட்டேன். குறைக்கலாம். எதிர்ப்பக்கத்தில் ஒரு விளம்பரம்: அகலமான டயர்கள், மெத்தையில் உட்கார்ந்த சுகம். கட்டுரையும் விளம்பரமும் கைகோத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டன. நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பக்க எண்ணைப் பார்க்காத பிழை திருத்துநர் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

பிள்ளை பெற்றிருந்த தன் தங்கையைப் பார்க்க அவள் ஊருக்குப் போயிருந்தாள். லாரி வீட்டை ஒட்டிய காலி மனையில் நின்றது. திரும்பி வருவதற்குள் வண்டியை மெத்தையாக்கிவிட்டால், அவளே 'ஏறுங்க' என்று சொல்வாள் என்று கணக்குப் போட்டேன். எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எதைக் கேட்டாலும் 'பாத்துக்கலாம்' என்பதால் அவர் பெயரே பாத்துக்கலாம் ஆகிவிட்டது. ஸ்பிரிங் என்றால் சுருள் கம்பி என்று நினைத்திருந்தேன். லாரியில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள், போல்ட் போட்டு இறுக்கிய கட்டு. இடப்பக்கத்தில் இரண்டு பட்டையை உருவிவிட்டார். வலப்பக்கத்தில் போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்தது. "ஒரு பக்கம் முடிஞ்சிருச்சு சார். இன்னொரு பக்கத்த அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். எழுந்து நின்று பார்த்தால் லாரி இடப்பக்கம் சாய்ந்து, எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்ப்பதுபோல் நின்றது. சாய்வைச் சரிக்கட்ட இடப்பக்கப் பின்சக்கரத்தில் உயரமான டயர் ஒன்றை மாட்டினோம். பின்னால் இரண்டிரண்டு டயர் ஜோடியாக ஓடும் என்பது தங்களுக்குத் தெரியும், எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உயரமானது தரையில் நிற்க, அதன் ஜோடி தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கியது. அதையும் பாத்துக்கலாம் என்றார்.

முன்சக்கரங்களுக்கு விளம்பரத்தில் வந்த அகலமான டயர்களை வரவழைத்தேன். கடைசியாக ஸ்டியரிங். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. லாரி ஸ்டியரிங் பெரிய தாம்பாளம் அளவு இருந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒரு சின்ன காரின் ஸ்டியரிங்கைப் போட்டால் அவளுக்கும் எனக்கும் நடுவில் இடம் மிச்சமாகும், என் இருக்கையைக் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து அப்படியே மாட்டவும் வைத்தேன். கல்யாணமான புதிதில்கூட எனக்கு இப்படி யோசனை வந்ததில்லை.

சோதனை ஓட்டம். பாத்துக்கலாம் ஓட்ட, நான் பக்கத்தில். மனையை விட்டு வெளியே வந்து தெருவில் திரும்பும்போது அந்தச் சின்ன ஸ்டியரிங்கை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். பாதி திரும்பியதும் அகலமான டயர் உள்ளே எதிலோ போய் உரசி, கிரீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. லாரி தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அந்தப் பக்கம் பள்ளிக்கூட வேன், இந்தப் பக்கம் காய்கறி வண்டி. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "சார், அப்படியே நேரா வந்தா எங்க ஹாலுக்கே வந்துடலாம். டீ போடச் சொல்லவா?" என்று கேட்டார். வேன் டிரைவர் சொன்னதை எழுத முடியாது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் மேலே பார்த்தேன். அவள் இருக்கைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. டயர் காற்றழுத்த அட்டவணைக்காகத் தங்கள் இதழிலிருந்து கிழித்து ஒட்டியிருக்கிறாள். அட்டவணைக்கு மேலே, பக்கத்தின் முதல் வார்த்தை: "காது."

ஐயா, குறைக்கலாகாது! குறைக்கலா ஒரு பக்கத்தில், காது அடுத்த பக்கத்தில். "காது. குறைத்தால் வண்டி சாயும், பாரம் தாங்காது, வளைவில் கவிழும். ஜோடி டயர்கள் ஒரே அளவில் இல்லையென்றால் ஒன்றே மொத்தப் பாரத்தையும் சுமந்து வெடிக்கும்" என்று அத்தனையும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல்லை இப்படிப் பிய்த்துப் போடலாமா? எங்கள் அச்சகத்தில் செய்திருந்தால் நானே அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அவள் கையில் பையோடு தெருமுனையில் வந்து நின்றாள். பையைக் கீழே வைத்தாள். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்தாள். அந்தரத்தில் தொங்கிய டயருக்கு அடியில் செருப்பு முனையை நுழைத்துப் பார்த்தாள். பாத்துக்கலாம் எப்போது மறைந்தார் என்று எனக்குத் தெரியாது.

"இதுல சரக்கேத்திக்கிட்டு நான் மலைப்பாதையில எறங்கியிருந்தா?" என்றாள்.

அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை, ஐயா. அவள் பக்கத்தில் உட்காருவதைத்தான் யோசித்தேன், அவள் ஓட்டுவதை யோசிக்கவில்லை.

வண்டியை இன்னொரு லாரியில் கட்டி இழுத்துப் பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனாள். டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு. பட்டைகளைத் திரும்பப் போட்டு இரண்டு பக்கமும் புது போல்ட். டயர் எல்லாம் வண்டிக்கு விதித்த அளவில். பழைய ஸ்டியரிங். இரண்டு பக்கமும் கடைசிவரை சுற்றி, டயர் எங்கேயும் உரசவில்லை என்று குனிந்து பார்த்தாள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கினாள். "டயர மாத்தினா ஸ்டியரிங் மாறும், ஸ்பிரிங்க மாத்தினா பிரேக்கே மாறும். ஒண்ணுல கை வச்சா மிச்சத்தையும் கேட்டுக்கணும், கம்பெனிக்காரன் என்ன சொல்லியிருக்கான்னும் பாக்கணும். மெத்துன்னு இருக்கணும்னா சீட்டத்தான் மாத்தணும், அடியில இருக்கிற சேஸிஸ்ல கை வைக்கக் கூடாது" என்றாள்.

"உன்கூட வரணும்னுதான் செஞ்சேன்" என்றேன். டார்ச்சைப் போல்ட்டின்மேலேயே பிடித்துக்கொண்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "வெறும் வண்டின்னா எல்லா லாரியும் குதிக்குங்க. பாரம் ஏறினா அடங்கிடும். இது தெரியாமலா இத்தன வருஷம் எனக்குப் புருஷனா இருந்தீங்க?" என்றாள்.

"அப்ப ஏன் என்னை வெறும் வண்டியில கூட்டிட்டுப் போன?"

"சரக்கோட போறப்ப நீங்க பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வந்தா, நான் ரோட்டப் பாப்பேனா, உங்களப் பாப்பேனா?"

பிழை திருத்தியே பிழைத்தவனுக்கு இந்த வாக்கியத்தில் ஒன்றும் திருத்தத் தோன்றவில்லை. இன்று காலை சரக்கேற்றக் கிளம்பிப் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்வது: எச்சரிக்கைச் சொற்களைப் பக்கம் தாண்டி உடைக்காதீர்கள். ஓட்டுநர்களின் கணவன்மார்களும் மனைவிமார்களும் படிக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். ஏக்கத்தில் படிக்கிறவன் தனக்கு வேண்டிய எழுத்தைத் தானே போட்டுக்கொள்வான். என்னைப் பொறுத்தவரை நான் தெளிந்துவிட்டேன். லாரி அவளுக்கு, வீடு எனக்கு. இனி அந்த ஆசையைப் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை என்று உறுதி செய்துவிட்டேன். பதிலை வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். நான் எங்கும் போகப் போவதில்லை.

தங்கள் இதழ் பல்லாண்டு வளரட்டும். அதில் எழுதுகிறவர்கள், அச்சிடுகிறவர்கள், படித்துவிட்டுக் கிழித்து ஒட்டுகிறவர்கள் எல்லாரும் நோய்நொடியின்றி வீடு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரரின் கணவன்

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. தண்ணீர் வண்டி என்றுதான் நினைத்தேன். விடாமல் அடிக்கவே போய்ப் பார்த்தால், சரக்கு ஏற்றிய லாரி. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் ஏறுங்க, நடுரோட்டுல நிறுத்தியிருக்கேன். வாயத் திறக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றாள். எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அதனால் இதை ஓடுகிற வண்டியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பாருங்கள், கொஞ்சமும் ஆடவில்லை. வீட்டுக்குப் பதில் அனுப்பாதீர்கள் ஐயா, அங்கே ஆள் இல்லை.