திறந்தது மூன்று, மூடியது இரண்டு

செங்கல்பட்டு,
புதன்கிழமை.

என் ஒரே தம்பி சதாசிவத்துக்கு அக்கா ஜெகதாம்பாள் ஆசிகளோடு எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். கல்பாக்கத்தில் நீயும் (உன் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முன்கோபம் எல்லாவற்றோடும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் கடிதம். என் பேத்தி பிரதீபா சிறுசேரி ஆபீசுக்கு லீவு போட்டு, கம்ப்யூட்டருக்குத் தானே ஒரு குட்டி மொழி செய்கிறாள். எல்லாம் தமிழில். என்ன வேலை என்று முதலில் சொல்லி, எதை வைத்து என்று பிறகு சொல்லி, மொத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே ஒரு காலையில் விளங்கிவிட்டது. அவள் அப்பன் கோதண்டராமனுக்குத்தான் நம்பிக்கையில்லை. "மாமா ஓட்டிப் பாத்து சரின்னா செய்யட்டும். இல்லன்னா திங்கக்கெழம ஆபீஸ் வண்டி ஏறட்டும்" என்றுவிட்டான். தாய்மாமன் வாக்கு அவனுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு.

நீ என்ன செய்தாய்? முதலில் (2 + 3) என்று அடித்தாய். "2 என்றொரு வேலை எனக்குத் தெரியாது" என்று அது மரியாதையாகத்தான் சொன்னது. உடனே எனக்கு போன், "இன்னாக்கா, எதுத்துப் பேசுது" என்று. பிறகு நான் எழுதித் தந்த தாளைப் பார்த்து அடித்தாய்:

(கூட்டு 2 (பெருக்கு 3 (கழி 9 4))

பதில் இல்லை. காபி குடித்தாய், குளித்தாய், கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தாய். அப்போதும் இல்லை. "செத்துப்போச்சுக்கா, அசையாம குந்திகினு கீது" என்று என்னிடம் சொன்ன கையோடு கோதண்டராமனுக்கும் சொல்லிவிட்டாய். பிரதீபா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று ஆபீஸ் சுடிதாரை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டாள்.

கம்ப்யூட்டரையும் பக்கத்தில் சாய்த்து வைத்த என் தாளையும் சேர்த்து நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். திரையில் திறந்தது மூன்று, மூடியது இரண்டு. அது சாகவில்லையடா, நீ சொல்லி முடிப்பாய் என்று காத்துக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடாதபடி வளர்த்திருக்கிறாள். "தாத்தாகிட்ட எப்படி பாட்டி சொல்றது" என்று பிரதீபா தலை குனிந்துகொண்டாள். நான் சொல்வேன். நீ எதைத்தான் மூடியிருக்கிறாய்? சின்ன வயதில் வேலிப் படலை மூடாமல் போய், பூபாலன் வீட்டு எருமை நம் கத்தரிப் பாத்தியை மொத்தமாக மேய்ந்தது. உன் கல்யாணத்தன்று மண்டபத்துக் குழாயை மூடாமல் வந்தாய். உன் மாமனார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணமேடை ஏறினார். இப்போது என் பேத்தியின் அடைப்புக்குறி.

கடிதம் கண்டதும் ஒரே ஒரு மூடும் குறி போடு. பதினேழு வரும். வந்ததும் கோதண்டராமனைக் கூப்பிட்டுச் சொல். திங்கட்கிழமைக்குள்.

உன் வீட்டுக்காரிக்கு என் ஆசி. கதவு, குழாய், கேஸ் எல்லாவற்றையும் இனி அவளே மூடட்டும்.

உன் அக்கா,
ஜெகதாம்பாள்

பி.கு.: தபாலில் போடுமுன் பிரதீபா படித்தாள். முதல் பாராவில் உன் சர்க்கரைக்கு முன்னால் திறந்ததை நான் மூடவே இல்லையாம். எனக்கு எங்கோ இடித்தது. போட்டோவில் என் தாளைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. மூடியது இரண்டுதான். நீ ஓர் எழுத்து பிசகாமல் அடித்திருக்கிறாய். இருந்தாலும் கோதண்டராமனிடம் தப்பு உன்னுடையது என்றே சொல். மாமாவை அவன் ஒன்றும் கேட்க மாட்டான், என்னை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். இத்துடன் இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று இந்தக் கடிதத்துக்கு, ஒன்று உன் கம்ப்யூட்டருக்கு: ))