வெள்ளைக்கரட்டில் ஒரு ஸ்வெட்டர்

'படக்!'

இந்தச் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். கல்யாண வீடோ, காதுகுத்து வீடோ, துக்க வீடோ, கொல்லைப் பக்கம் 'படக்' என்றால் என் மனைவி வளர்மதி ஒரு கொப்பை ஒடித்துவிட்டாள் என்று அர்த்தம். கேட்டு வாங்கிய செடி பட்டுப்போகும், கேட்காமல் எடுத்ததுதான் தழைக்கும் என்பது அவள் கொள்கை. எங்கள் வாசலில் பெயிண்ட் டப்பாக்களில் வரிசையாக நிற்கும் செடிகள் அத்தனையும் திருட்டுச் சொத்து. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

இப்படிப்பட்டவள் ஒரு தை மாசக் காலையில், "லீவு வந்தா அந்தக் கரட்டுக்கு ஓடுறீங்களே, அங்க அப்படி யாரு இருக்கா? நானும் வரேன்" என்று மினி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வெள்ளைக்கரடு அரியலூர்ப் பக்கம் வனத்துறை வேலி போட்டுக் காக்கிற சுண்ணாம்புக்கல் மலை. அதே கல்லைத்தான் நான் சிமெண்ட் ஆலையில் ராத்திரி முழுக்க அரைவை இயந்திரத்துக்குத் தின்னக் கொடுக்கிறேன். விடிந்தால் மனசு என்னவோ போல இருக்கும். முழுசாக நிற்கிற ஒரு மலையைப் பார்த்தால்தான் சரியாகும். லைப்ரரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு செடிகளின் பேரைக் கற்றதும் அங்கேதான். வாட்சர் அமிர்தலிங்கம் என்னைத் தடுப்பதில்லை. எனக்கென்று திறக்கிற கேட்டு இந்த ஜில்லாவில் அது ஒன்றுதான்.

அன்றைக்கு அந்தக் கேட்டு பாதிதான் திறந்தது.

"அண்ணே, அக்காவப் பத்தி ஊருக்கே தெரியும். உள்ளேருந்து ஒரு எல வெளிய போனாலும் உங்களுக்கு இனிமே கேட்டு கெடையாது."

"போவாது! இவ கை ஒரு தழையத் தொட்டா நான் கண்ணையன் இல்ல."

"அப்ப வேற நல்ல பேரா இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க" என்றாள் வளர்மதி.

அவள் பையைக் கேட்டிலேயே வாங்கி வைத்தேன். குடையையும் பிடுங்கினேன். கைதியின் பின்னால் போகும் போலீஸ் மாதிரி அவள் பின்னாலேயே நடந்தேன்.

கொஞ்ச தூரம்தான். அப்புறம் மலை என்னைப் பிடித்துக்கொண்டது. மழை நூற்றாண்டுக் கணக்கில் நக்கி நக்கி, கல் முழுக்கப் பொந்தும் குகையுமாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே நிற்காது, அத்தனையும் கல்லுக்குள் இறங்கிவிடும். ஆனாலும் ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு செடி. பிடி மண் கிடையாது, பிரண்டை படர்ந்திருந்தது. பாறையில் கடல் சிப்பி ஒன்று அப்படியே பதிந்திருந்தது. பக்கத்தில் ஒரு புதரே வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது.

வளர்மதி நின்றுவிட்டாள். "யாரு ஊத்துறா இதுக்கெல்லாம் தண்ணி?" என்றாள் மெதுவாக. அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். எனக்குக் கண் கலங்கியது. கலங்கினால் நான் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன்.

"இது பேரு கொடிவேலி. பூவுக்குக் கீழ பாரு, பிசுபிசுன்னு பசை. வெதை அதுக்குள்ள இருக்கும். ஆட்டு ரோமத்துல ஒட்டிக்கிட்டு ஊரு விட்டு ஊரு போயிரும்."

"ஆட்டு ரோமத்துலயா?"

"ஆமா."

"என்னென்ன தெரிஞ்சு வச்சிருக்கீங்க!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. "ஏங்க, காத்து சிலுசிலுங்குதே. ராத்திரி பூரா ஷிப்டு பாத்துட்டு வந்தவரு. இடுப்புல கட்டியிருக்கற ஸ்வெட்டர மாட்டிக்குங்க."

மாட்டிக்கொண்டேன். அன்பு என்று நினைத்தேன்.

"அந்தாண்ட இருக்கறதும் கொடிவேலிதானா? உள்ள பூந்து பாத்துச் சொல்லுங்க."

புகுந்தேன்.

"இன்னுங் கொஞ்சம் உள்ள. பெருசா பூத்திருக்கு பாருங்க. அப்படியே ஒரு சுத்து சுத்தி வாங்க."

சுற்றி வந்தேன்.

கேட்டில் அமிர்தலிங்கம் அவளைப் பார்த்தார். விரித்த கை, உதறிய முந்தானை, வெறும் மடி. "அக்கா, தப்பா நெனச்சிட்டேன்" என்று கும்பிட்டார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்வெட்டர் மார்பு.

வீட்டுக்கு வந்ததும், "கழட்டுங்க, அலசிப் போடுறேன்" என்றாள். அந்த ஸ்வெட்டரை அவள் ஒரு நாளும் துவைத்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் புது டப்பா ஒன்றில் ஏதோ முளைத்தது. "மொளகா நாத்து" என்றாள். பூவைப் பார்த்தால்தான் எனக்குச் செடி தெரியும். காய்க்கட்டும் என்று மற்றதைவிட ஒரு சொம்பு கூடவே ஊற்றினேன்.

ஐப்பசி மழையில் மிளகாய் வெள்ளை வெளேரென்று பூத்தது. அன்றைக்குப் பார்த்தா அமிர்தலிங்கம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்க வேண்டும்?

"அண்ணே, இது நம்ம கரட்டுச் செடியில்ல?"

வளர்மதிதான் பேசினாள்.

"நான் ஒரு எலையத் தொடலிங்க தம்பி, நீங்களே பாத்தீங்க. வெதை அவரு ஸ்வெட்டர்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. வீணாக்க வேணாமேன்னு மண்ணுல போட்டேன். தண்ணி ஊத்துனதுகூட அவருதான்."

அமிர்தலிங்கம் செடியைப் பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பத்திரிகையை மரியாதையாக அவள் கையில் கொடுத்தார்.

"அக்கா, நீங்க எப்ப வேணா கரட்டுக்கு வாங்க. அண்ணன் மட்டும் கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும்."

நான் சொம்பை எடுத்தேன். இன்னும் பாதி டப்பாக்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.