நாலாவது வாளி

டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் இரண்டாவது வாளிக்குக் கைப்பிடி வரைந்து முடிப்பதற்குள் பேக்கரிக்காரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம். என் பொண்ணு போன வருஷம் கணக்குல தொண்ணூத்தெட்டு. இந்த வருஷமும் தொண்ணூத்தெட்டு. இந்த வாளியில அவளுக்கு எவ்வளவு விழும்?"

மாஸ்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதற்குள் விடை மாறியிருக்கவில்லை.

"இது வளர்ச்சி வாளிங்க. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இதுல விழும். அப்படிப் பார்த்தா... ஒண்ணும் விழாது."

"ஒண்ணும்னா?"

"முட்டை."

பேக்கரிக்காரம்மா தினமும் தட்டுத் தட்டாக முட்டை உடைக்கிறவர். தன் வீட்டுப் பிள்ளை தலையில் ஒருவர் கொண்டுவந்து உடைத்தது இதுதான் முதல் தடவை.

"என் பையன் பன்னெண்டுலேர்ந்து முப்பத்தொண்ணுக்கு வந்திருக்கான்" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பஸ் டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவனுக்கு ஏதாவது விழுமா சார்?"

"விழுமாவா? உங்க பையன்தாங்க இந்த வாளியையே ரொப்பறான்!"

டிரைவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அப்ப பாஸா?"

"ஃபெயில்தாங்க. ஆனா அருமையான ஃபெயில்."

அதன்பிறகு மாஸ்டர் மூன்றாவது வாளியை வரைந்தது யார் கண்ணிலும் படவில்லை. நாலாவது வாளிக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. போட்டிருந்த ஏழு நாற்காலிகளில் நாலில்தான் ஆள் இருந்தது. அதிலும் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். அவர்தான் கடைசியில் கைதட்டினார்.

விஷயம் இதுதான். மாவட்டக் கல்வி அலுவலகம் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் தரம் போட்டிருந்தது. எத்தனை பேர் பாஸ், எவ்வளவு முன்னேற்றம், பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களா என்றெல்லாம் நாலு தலைப்பில் மதிப்பெண் போட்டு, கூட்டி, இந்தப் பள்ளியைக் கடைசிப் படியில் உட்கார வைத்திருந்தார்கள். முடிவைப் பெற்றோருக்கு எளிமையாக விளக்க வேண்டும். பருவ முடிவில் அதிகாரி நேரில் வந்து மறுபடி மதிப்பிடுவார். அப்போதும் கடைசிப் படி என்றால் ஓவிய வகுப்புகளையெல்லாம் கணக்குப் பயிற்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஓவிய ஆசிரியருக்கு அலுவலகத்தின் புத்தகக் குடோனில் வேலை போட்டுத் தருவார்கள்.

அந்த ஓவிய ஆசிரியரையே விளக்கச் சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை. நாலு தலைப்பும் கரும்பலகையில் நாலு வாளியானது அப்படித்தான்.

"மேடம், நான் கோடு போடறவன். எண்ணைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கும்" என்று மாஸ்டர் அன்றைக்கே சொன்னார். "கணக்கு சார்தான் நான் பேசறேன் நான் பேசறேன்னு முன்னாடி வந்து நிக்கிறாரே. அவர் சொன்னா கல்லுக்கும் புரியுமே."

"தெரியும்" என்றார் தலைமை ஆசிரியை, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "நீங்களே பேசுங்க."

என் குழியை என்னையே வெட்டச் சொல்கிறார்கள் என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். சரி, வெட்டுவோம். ஆனால் சத்தம் போடாமல் இறங்குகிற ஆள் நான் இல்லை. இதை வீட்டுக்குப் போய் மனைவியிடம் வீராவேசமாகச் சொன்னார். "இறங்கறதுக்கு முன்னாடி அந்தச் சட்டையைக் கழட்டிப் போடுங்க, பெயிண்ட் கறை காய்ஞ்சா போகாது" என்றார் மனைவி.

முதல் கூட்டத்தின் செய்தி ரொட்டியோடு சேர்ந்து வீடு வீடாகப் போனது. பேக்கரிக்காரம்மா பொட்டலம் கட்டும்போதெல்லாம் ஒரு வரி சொல்லியனுப்பினார். "அந்த ஸ்கூல்ல தொண்ணூத்தெட்டு வாங்கினா முட்டையாம். முப்பத்தொண்ணு வாங்கினா பிரமாதமாம்."

இரண்டாவது கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்காலி, மேசை, மணி எல்லாவற்றுக்கும் பொறுப்பான உதவியாளரை எல்லோரும் நாற்காலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நூலகத்தைக் காலி பண்ணி இரண்டிரண்டாகத் தூக்கி வந்து போட்டார். தலைமை ஆசிரியை வாசலில் நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர் இந்தத் தடவை உஷாராக வந்திருந்தார். மார்க்கே பேசுவதில்லை. சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. பக்கத்தில் கோடு கிழித்தார்.

"பாருங்க. இவன் ஏற்கெனவே உயரம். இந்த வருஷம் வளரலை. இவன் குட்டை. ஆனா நாலு விரக்கடை வளர்ந்திருக்கான். ஆபீஸ்ல எதைப் பாராட்டுவாங்க? இந்தக் குட்டையனைத்தான்! புரியுதுங்களா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் எழுந்தார்.

"சார், என் பையன் குள்ளம். ரெண்டு வருஷமா அதே கால்சட்டைதான் போடறான். அவனாலதான் ஸ்கூல் கடைசிப் படிக்குப் போச்சா?"

"ஐயையோ, உயரத்தை யாரும் அளக்கலைங்க!"

"அளக்கலைன்னா எதுக்குச் சுவத்துல கோடு போட்டீங்க?"

"அது ஒரு உதாரணத்துக்குங்க..."

"என் பையனை உதாரணம் காட்டாதீங்க சார். சொல்லிட்டேன்."

வளர்ச்சியிலிருந்து வருகைக்கும், அங்கிருந்து நாலாவது வாளிக்கும் தாவிவிடப் பார்த்தார் மாஸ்டர். தையல்காரர் விடவில்லை. மறுநாள் தெருவெல்லாம் ஒரே பேச்சு. பள்ளிக்கூடத்தில் குள்ளமான பிள்ளைகளைக் கழித்துக் கட்டப் போகிறார்களாம். மருந்துக்கடையில் உயரம் வளர்கிற டானிக் ஒரு பாட்டில்கூட மிச்சமில்லை. காலையில் பள்ளி வாசலில் தையல்காரர் டேப்போடு நின்று, உள்ளே போகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். ஆதாரம் வேண்டுமாம்.

மாஸ்டர் தலைமை ஆசிரியையிடம் ஓடினார்.

"மேடம், கையெடுத்துக் கும்பிடறேன், கணக்கு சாரை அனுப்புங்க. நான் வாயைத் திறந்தாலே கலவரம் வருது."

அவர் போனில் இருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்வரிசை முகமே தெரியலை. அடுத்த கூட்டத்தை மைதானத்துல வச்சுக்கலாம். அதிகாரியும் அன்னைக்குத்தான் வர்றார்."

"பேசறது?"

"நீங்கதான்."

"மேடம், என்னைக் குடோனுக்கு அனுப்பணும்னு நேராவே சொல்லிடுங்களேன்! இப்படிச் சுத்தி வளைச்சு அடிக்கணுமா?"

"மைக் சொல்லியிருக்கேன்" என்றார் தலைமை ஆசிரியை. "சத்தமா பேசுங்க."

மாஸ்டர் அன்று மாலை ஓவிய அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வராண்டாக் கோடியில் இருந்த அறை அது. தொட்டிக் குழாயடி ஏழு நிறத்தில் கறை பிடித்திருக்கும். வேறெந்த வகுப்பிலும் உட்கார முடியாத பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருக்கும். பஸ் டிரைவரின் பையன் வரைந்த பஸ்கள் சுவர் நெடுக ஓடிக்கொண்டிருந்தன. எல்லா பஸ்ஸிலும் டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார். பயணிகள்தான் பயந்திருந்தார்கள். இந்தச் சுவரில்தான் வாய்ப்பாட்டு அட்டை தொங்கப் போகிறது.

மூன்றாவது கூட்டத்தில் பெஞ்சு, ஸ்டூல், கவிழ்த்துப் போட்ட பக்கெட் எல்லாவற்றிலும் ஆள். மதில் மேல்கூட ஆள். நாற்காலியக்காவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் என்னவோ கல்யாண வீட்டுக்காரி போல ஒரு களை.

அதிகாரி தன் வரைபடத்தைத் திரையில் போட்டார். வெயிலில் திரை வெறும் வேட்டியாகத் தெரிந்தது.

"பெற்றோர்களே, இது மிகவும் எளிமை. நிறையிடப்பட்ட கூட்டுச் சராசரியை முந்தைய ஆண்டின் ஒப்பீட்டுக் குறியீட்டோடு..."

"சார், இதையே ரொட்டிக் கணக்குல சொல்லுங்களேன்" என்றார் பேக்கரிக்காரம்மா.

அதிகாரி யோசித்தார். தொண்டையைக் கனைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மாஸ்டர் கையில் திணித்து, "இதைப் படிச்சுக் கூட்டத்தை முடிங்க" என்று கிசுகிசுத்தார்.

மாஸ்டர் மைக் முன்னால் வந்தார். 'பெற்றோர் அனைவரும் முடிவுகளைத் தெளிவாகப் புரிந்துகொண்டு மனநிறைவுடன் ஏற்றுக்கொண்டனர்.' ஒரே ஒரு வரி. படித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"படிக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர்.

மைக் அதை மதில் வரைக்கும் கொண்டுபோனது.

"என்ன சொல்றீங்க?"

"புரியலை சார். இவங்களுக்கும் புரியலை, எனக்கும் புரியலை. உங்களுக்குப் புரிஞ்சிருந்தா ரொட்டிக் கணக்குல சொல்லியிருப்பீங்க. புரியாததைப் புரிஞ்சுதுன்னு மைக்ல சொல்ல எனக்கு வாய் வராது. குடோனுக்கு அனுப்பணுமா, அனுப்புங்க. அங்கேயும் சுவர் இருக்குமில்ல? வரைவேன்."

"யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியுதா?"

"அவர்கிட்ட ஏன் கேக்கறீங்க, என்கிட்ட கேளுங்க" என்று பஸ் டிரைவர் எழுந்தார். முதல் நாள் போலத் தயங்கவில்லை. டெப்போவில் பேசுகிற குரல். "என் பையன் ஸ்கூல் பக்கமே வராம பஸ் ஸ்டாண்டுல சுத்திக்கிட்டிருந்தவன். வர ஆரம்பிச்சதே அந்த டிராயிங் ரூமுக்காக. வந்தவன் அப்படியே கணக்கு கிளாஸ்லயும் போய் உக்காந்தான். பன்னெண்டு முப்பத்தொண்ணு ஆனது அப்படித்தான். அந்த ரூமை எடுத்துட்டுக் கணக்கு சொல்லித் தருவீங்களா? யாருக்கு? காலி பெஞ்சுக்கா?"

"நல்லா கேளுங்கண்ணே" என்றார் பேக்கரிக்காரம்மா. "என் பொண்ணுக்கு முட்டை போட்டா போட்டுக்கட்டும் சார். அந்த ரூம்ல கைவச்சீங்க, நாங்க எல்லாரும் தினம் வந்து இங்கேயே உக்காருவோம்."

"உக்காருவோம்!" என்றது மைதானம்.

"நானும் உக்காருவேன்" என்றார் தையல்காரர். "ஆனா என் பையன் உயரத்துக்கு முதல்ல ஒரு பதில் வேணும்."

"எல்லாரும் கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று தலைமை ஆசிரியையின் குரல் கேட்டது. போனை உயர்த்திப் பிடித்திருந்தார். அத்தனை கோபத்திலும் ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதிகாரிகூடப் பழக்கதோஷத்தில் தலையைக் கோதிக்கொண்டு சிரித்துவிட்டார்.

மாஸ்டர் மறுநாளே தூரிகைகளை ஒரு டப்பாவில் கட்டி வைத்துவிட்டார். குடோனுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

ஆனால் அடுத்த மாதம் வந்தது வேறு உத்தரவு. பள்ளி ஒரு படி ஏறிவிட்டது. ஓவிய வகுப்பு தொடரலாம்.

மாஸ்டர் வராண்டாவில் நடந்த நடையைப் பார்த்துப் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டன. மைதானத்தில் நாற்காலியக்கா கூட்டத்துக்குக் கடன் வாங்கி இன்னும் திருப்பித் தராத ஸ்டூல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களாக்கா? மைக்ல உண்மையைப் பேசினேன், ஆபீஸே ஆடிப்போச்சு! இத்தனைக்கும் மேடம் என்னைக் கவுக்கப் பார்த்தாங்க. நான் விட்டேனா?"

"அடேங்கப்பா" என்றார் அக்கா, ஒரு ஸ்டூலைக் கவிழ்த்தபடி.

"ஒண்ணுதான் இடிக்குது. பாஸ் கணக்கு அப்படியே இருக்கு. வளர்ச்சி அப்படியே இருக்கு. பிள்ளைங்க வருகையும் அப்படியே. மூணு வாளியிலயும் ஒரு சொட்டு ஏறலை. அப்புறம் ஸ்கூல் எப்படி ஏறிச்சு?"

"நாலாவது வாளியை நீங்க கடைசி வரைக்கும் வரையவே இல்லையே சார்."

"எங்கே விட்டாங்க? அது என்னமோ, பெத்தவங்க எத்தனை பேர் ஸ்கூலுக்கு வந்து கலந்துக்கறாங்கன்னு..."

மாஸ்டர் அடுக்கியிருந்த ஸ்டூல்களை எண்ணத் தொடங்கிவிட்டார். நாற்காலியக்கா கடைசி ஸ்டூலையும் மேலே தூக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"போன வருஷம் கணக்கு சார் முதல் கூட்டத்துலயே எல்லாருக்கும் தெளிவா புரிய வச்சு அனுப்பிட்டார் சார், அப்புறம் ஒருத்தர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை, அதான் இந்த வருஷம் மேடம் உங்களைப் போட்டாங்க."