தியாக முத்திரை

ஒரே கூரையின் கீழ் உமி பரப்பிய நாடு ஒன்று இருந்தது. பெயர் கொக்கரபுரி. குடிமக்கள் எல்லாரும் கோழிகள். மன்னர் செங்கொண்டையார் மட்டும் காற்றோட்டமான பரண்மேல் வீற்றிருப்பார்.

கோழி என்றால் உமியைக் கிளறும். அது பிறவிக் குணம். ஒருநாள் அப்படிக் கிளறியதில் பறந்த தூசி மன்னரின் கொண்டையில் படிந்துவிட்டது. அன்றே சட்டம் வந்தது: இனி யாரும் கிளறக் கூடாது. பிறகென்ன, எச்சமும் சிந்திய தண்ணீரும் சேர்ந்து உமி சொதசொதவென்று ஆனது. ஈரத்தில் கிருமி பெருகி, படுத்தவர்களின் சிறகடியில் புண் கிளம்பியது. பொறிச்சி என்ற பெட்டையின் மகள் சிட்டுவால் சிறகைத் தூக்கவே முடியவில்லை.

மகளுக்கு உலர்ந்த உமி கேட்டுப் பொறிச்சி அரசவைக்குப் போனாள். சுகாதார அமைச்சர் நெடுங்காலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது புண்ணே அல்ல, நாட்டுக்காக ஏற்ற தியாக முத்திரை என்றார். கூடவே இன்னொரு சட்டமும் போட்டார்கள்: முத்திரை உள்ளவர் மட்டுமே தேர்தலில் நிற்கலாம். அவை கொக்கரித்து வரவேற்றது. மன்னரின் சிறகடியை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு இவர்கள்மேல் கோபமே வருவதில்லை. இவர்கள் இல்லாவிட்டால் கதை சொல்பவன் எப்படிப் பிழைப்பது?

மன்னர் பதவிக்கான தேர்தல் வந்தது. மனு வாங்கிய அதிகாரி குனிந்து பார்த்தார். மன்னரின் சிறகடி பளபளவென்று இருந்தது.

"எமக்கு முத்திரை மனதில் இருக்கிறது" என்றார் மன்னர்.

"மனதைத் தூக்கிக் காட்டச் சட்டத்தில் இடமில்லை, மகாராஜா. பொழுது சாய்வதற்குள் கீழே படுத்து ஒன்று வாங்கி வாருங்கள்."

மன்னர் இறங்கிப் படுத்தார். கண் எரிந்தது, நாற்றம் மூக்கைத் துளைத்தது. உச்சிவெயில்கூட ஏறவில்லை, அலறிவிட்டார்.

"இதுல எவனாவது படுப்பானா? கிளறுங்கய்யா, சீக்கிரம் கிளறுங்க."

அரச கட்டளை அல்லவா, நாடே கிளறியது. புது உமியும் கொட்டினார்கள். தூசி கூரைவரை எழும்ப, தும்மிக்கொண்டே எல்லாரும் சிரித்தார்கள். அன்றைய சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. சாயங்காலம் மன்னர் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தார், மனு தள்ளுபடியானது. மன்னரைத் தவிர மனு போட்டிருந்தவள், மகளோடு படுத்துப் படுத்துப் புண் வாங்கியிருந்த பொறிச்சி மட்டும்தான்; அவள் போட்டியின்றி வென்றாள்.

அவள் போட்டது ஒரே சட்டம்: எந்த மூலை ஈரமோ, அங்கேதான் ஆள்பவரும் அமைச்சர்களும் படுக்க வேண்டும். மருந்திலும் காய்ந்த உமியிலும் சிட்டுவின் புண் ஆறியது. இப்போது அவள் சிறகடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பிடிக்க ஆளில்லை.

கொக்கரபுரியில் இன்று ஈரமான மூலையே கிடையாது. எல்லாருக்கும் முன்னால் எழுந்து கிளறுகிறவர் அமைச்சர் நெடுங்காலர்தான். காரணம் கேட்டால், மக்கள்மேல் வைத்த பாசம் என்கிறார்.